மூன்றடிக் காற்று

சிவக்கொழுந்து தன் மனைவியை மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த முப்பத்தாறு நாளில், பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சமையலறைக்குச் சுவர் எழுப்பி முடித்துவிட்டார்.

திரும்பி வந்த அன்று அகிலாண்டத்தைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார். எதிரே பூசாத செங்கல். கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் விரல் பட்டது. மேலே அந்த வீட்டு சன்ஷேடு எல்லையைத் தாண்டி நீண்டு, இருந்த கொஞ்ச வானத்தையும் மூடியிருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு வட்டத் துளை போட்டு, சமையல் புகையை வெளியே தள்ளும் ஃபேன் பொருத்தியிருந்தார்கள்.

அகிலாண்டம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அங்கே சுவாசித்த மருந்துத் தூசியில் நுரையீரல் பாதி கெட்டுப்போயிருந்தது. காற்றோட்டமான அறையில் வையுங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் காற்று வருகிற ஜன்னல் அது ஒன்றுதான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஃபேனைப் போட்டுப் பார்த்தார். சிமெண்ட் தூசி மொத்தமும் இந்த அறைக்குள் வந்து விழுந்தது. அகிலாண்டம் மத்தியானம் வரைக்கும் இருமினார். ஜன்னலை அடைத்தால் மூச்சு முட்டியது. திறந்தால் இருமல் வந்தது.

சிவக்கொழுந்து போய்க் கேட்டார். பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் நிதானமாகச் சொன்னார்: "என் இடத்துல நான் கட்டியிருக்கேன் அண்ணாச்சி. உங்க இடத்துல ஒரு செங்கல் வச்சேனா?"

சிவக்கொழுந்து சன்ஷேடைக் காட்டினார். தங்கப்பழம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை பெய்தால் உங்கள் ஜன்னலிலும் சாரல் அடிக்காது என்றார்.

நகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் அந்தப் பக்கம் மூன்றடி இடம் விட்டிருந்தது. கட்டிடத்தில் ஒரு அங்குலம்கூட விடவில்லை. சிவக்கொழுந்து புகார் கொடுத்தார். அதிகாரி ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்தார். தங்கப்பழம் வீட்டுக்குள் போய் மோர் குடித்தார். வெளியே வந்து, ஒரே தெருவில் இருக்கிறீர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தெருவிலும் அதையேதான் சொன்னார்கள். பக்கத்தில் இருக்கிறவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் வந்து பார்க்கவில்லை.

ஊரின் எல்லையில் தகரக் கூரை போட்ட தியானக் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் நிறைமதி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்து வேலையை விட்டவர். வயது நாற்பத்தொன்று. அறுபத்து நாலு வயதான சிவக்கொழுந்து அவரை அம்மா என்று கூப்பிடுவார், அவர் இவரை ஐயா என்பார். ஒன்பது வருஷமாக அவரிடம்தான் இவர் தியானத்தில் உட்காரக் கற்றுக்கொண்டிருந்தார். தங்கப்பழம் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும்.

சிவக்கொழுந்து போய் நடந்ததை எல்லாம் சொன்னார்.

"எனக்கு வர்ற கோபம் தப்பாம்மா?"

"தப்பில்ல."

சிவக்கொழுந்து மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். நிறைமதி, ஃபேன் கட்டிலிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். பகலில் அகிலாண்டத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

அந்த வாரமே ஒரு செய்தி வந்தது. புதுச் சமையலறையில் பால் காய்ச்ச நிறைமதி அம்மாவைத் தங்கப்பழம் அழைத்திருக்கிறார், அம்மாவும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

சிவக்கொழுந்து நேரே கூடத்துக்குப் போனார். உட்காரவில்லை.

"அந்த வீட்டு வாசல்ல நீங்க கால் வச்சா, இந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

"சரிங்கய்யா" என்றார் நிறைமதி.

பால் காய்ச்சும் நாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கப்பழம் வீட்டில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சிவக்கொழுந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதை அடைத்தால் அகிலாண்டத்துக்கு மூச்சு முட்டும்.

பால் பொங்கியது. எல்லோரும் வாழ்த்துக்காகக் காத்திருந்தார்கள். கூடத்தில் செய்வதுபோல முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருவோம் என்றார் நிறைமதி. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள்.

முதலில் தெருவில் போகிற வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஃபேன் துளை வழியாக இருமல் கேட்டது. அதே அறைக்குள் யாரோ இருமுவது மாதிரி இருந்தது. நிற்கவே இல்லை. இருமலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"ஏங்க... கொஞ்சம் நிமுத்தி உக்கார வைங்க."

கட்டில் முனகியது. மெதுவா, மெதுவா என்று சிவக்கொழுந்து சொல்வதும் கேட்டது. பிறகு மூச்சை இழுக்கிற சத்தம். இழுக்க இழுக்க உள்ளே போகாத மூச்சு.

சிலர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நிறைமதி திறக்கவில்லை. அவர் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது. இருபது நிமிஷம் அப்படியே போனது.

முடிந்ததும் தங்கப்பழத்தின் மனைவி செல்வக்கனி டம்ளரில் பால் கொண்டுவந்தார். நிறைமதி கையை நீட்டவில்லை. இந்த இடம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தங்கப்பழம் மெல்லக் கேட்டார்.

"ஒரு அம்மா மூச்சுக்குத் தவிக்கிறதக் கேட்டுக்கிட்டே சமைக்கப் போற இடம் எப்படிங்க நல்லா இருக்கும்?"

நிறைமதி கோபப்பட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது.

"அவங்க ஆஸ்பத்திரியில கிடந்த நாளாப் பாத்து கட்டியிருக்கீங்க. வயிறு எரியுது தங்கப்பழம். வாழ்த்த எனக்கு வாய் வரல."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிவக்கொழுந்து வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பாலைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த அறையில் அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்று செல்வக்கனி சொல்லிவிட்டார். நாலாம் நாள் கொத்தனார் வந்தார். சுவரை இடித்து, வரைபடத்தில் இருந்த மூன்றடியை விட்டு உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சன்ஷேடை அறுத்து எடுத்தார்கள். ஃபேனை வடக்குச் சுவருக்கு மாற்றினார்கள். வேலை முடிந்ததும் தங்கப்பழம் வந்து வாசலில் நின்று, முடித்துவிட்டோம் அண்ணாச்சி என்றார். சிவக்கொழுந்து அவரை உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது. அன்று மத்தியானம் அகிலாண்டம் மூச்சு வாங்காமல் வாயை மூடிக்கொண்டு தூங்கினார். அவர் அப்படித் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

சிவக்கொழுந்துக்குத்தான் தூக்கம் வரவில்லை. கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினார். அனுமதியை மீறித் தொடங்கிய கட்டிடம், ஆகவே சமையலறை முழுவதையும் இடிக்க வேண்டும் என்று. தெருவில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினார். அனுசரித்துப் போகச் சொன்ன அதே ஆட்கள்தான். அதை எடுத்துக்கொண்டு, கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன கூடத்துக்குப் போனார்.

நிறைமதி வாங்க ஐயா என்றார். பழையதைப் பேசவில்லை.

"அவ இருமினத நீங்க அன்னைக்கு நேர்ல கேட்டீங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தாம்மா இது நிக்கும்."

அவர் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"அகிலாண்டம்மா எப்படி இருக்காங்க?"

"அவ இப்ப தூங்குதா. நல்லாத் தூங்குதா."

"இந்த மனு அவங்களுக்குத் தெரியுமா?"

"அவகிட்டச் சொல்லல."

நிறைமதி கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சிவக்கொழுந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு மன்னிப்புக் கேக்கலம்மா. செவுத்த இடிச்சான், தலைய குனியல."

"ஆமா. கேக்கல. கேட்டிருக்கணும்."

"அன்னைக்கு அவ்வளவு கோபப்பட்டீங்களே. அது போயிருச்சா?"

"போயிருச்சு."

"எப்ப?"

"உங்க வீட்டுல காத்து வந்துச்சுன்னு கேள்விப்பட்டேனே, அன்னைக்கு."

"எப்படிம்மா போகும்?"

"காத்து வந்தப்புறம் அந்தக் கோபத்துக்கு என்னங்கய்யா வேலை?"

சிவக்கொழுந்து பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவரிடம் பேனாவை நீட்டவும் இல்லை, மூடவும் இல்லை.