மணல்நாட்டின் ஆயுள்

தென்னவராயர் ஆண்ட காலத்தில், ஒரு கோடையில் விஷக்காய்ச்சல் வந்தது. ராச்சியத்தின் குறுக்கே கூழையாறு. அதற்கு வடக்கே வடகரை நாடு, தெற்கே தென்கரை நாடு. அரண்மனை இருந்தது தென்கரையில். இரண்டையும் நிர்வகித்த நாட்டார்கள் ஓடோடி வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

ராயர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "அவரவர் நாட்டுக்கு அவரவரே விதி போட்டுக்கொள்ளுங்கள். விலக்கு யாருக்கும் கிடையாது. எனக்கே கிடையாது!"

கடைசி வாக்கியத்துக்குச் சபை ஆரவாரம் செய்தது. ராயருக்கு மனம் குளிர்ந்துபோய், அதையும் சேர்த்தே பறையறையச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அரண்மனையில் ஓலை எழுதிப் படிக்கும் செவ்வந்தியப்பன் வடகரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். ஆறு வறண்டு வெறும் மணல். கூட ஒரு முப்பது பேர் நடந்தார்கள். தென்கரை ஓரத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் பிச்சாண்டி என்ற காவலன்.

"வடகரையிலே பதினாலு நாள் ஒதுங்கி இருந்ததுக்கு ஓலை இருக்கா?"

"இல்லையே."

"அப்போ திரும்பிப் போய் வாங்கிட்டு வாங்க."

திரும்பிப் போனார்கள். அதற்குள் வடகரையிலும் கயிறு. "தெற்கேயிருந்து வர்றவங்களுக்கு இருபத்தொரு நாள் அனுமதி இல்லை" என்றான் அங்கிருந்த காவலன்.

"காலையில் இங்கேயிருந்துதானே ஐயா போனோம்?"

"போனது எனக்குத் தெரியாது. இப்போ வர்றது தெற்கேயிருந்து. அது கண்ணுக்குத் தெரியுது."

முப்பது பேரும் நடு ஆற்றில் மாட்டிக்கொண்டார்கள். ஊற்று தோண்டிக் குடித்தார்கள். தென்கரைச் சனங்கள் நீள மூங்கிலில் கலயத்தைக் கட்டி, கஞ்சி நீட்டினார்கள். ஓலை எழுதி நீட்டினால் மட்டும் பிச்சாண்டி வாங்கமாட்டான். ஓலையில் காய்ச்சல் ஒட்டிக்கொண்டு வருமாம்.

கூட்டத்தில் பூங்காவனம் என்ற மருத்துவச்சியும் இருந்தாள். தென்கரையில் அவள் மகளுக்கு இது நிறைமாதம். தினமும் அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் வந்து நிற்பாள். "இடுப்பு வலிக்குதும்மா" என்பாள். "படுத்துக்கோடி" என்று இவள் மணலிலிருந்து கத்துவாள். ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தியவள், சொந்த மகளுக்கு முப்பது அடி தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அதைப் பார்க்கப் பார்க்கச் செவ்வந்தியப்பனுக்கு மனசு ஆறவில்லை.

பதினாறு நாள் போயிற்று. ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அரண்மனையிலோ படிக்க ஆளில்லாமல் ஓலைகள் குவிந்தன. ராயர் பொறுமையிழந்து பல்லக்கில் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்.

"ஓய் செவ்வந்தியப்பா! அங்கே என்ன செய்கிறாய்?"

"உங்கள் விதியைக் கடைப்பிடிக்கிறேன் அரசே!" என்றவன், அவசரமாக ஓர் ஓலையில் ஏதோ கிறுக்கினான். பிறகு அதை விரித்து உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தான்.

"சத்தமாகப் படி!"

"ரகசிய ஓலை அரசே. ஊரே நிற்கிறதே."

ராயருக்கு ரகசியம் என்றால் உயிர். விறுவிறுவென்று கயிற்றைத் தாண்டிப் போய் ஓலையைப் பிடுங்கினார். அதில் எழுதியிருந்தது: 'அரசே, தயவுசெய்து கயிற்றைத் தாண்டி வராதீர்கள்.'

ராயர் முகம் சிவக்கத் திரும்பினார். பிச்சாண்டி வேலைக் குறுக்கே நீட்டியிருந்தான். வேல் நகரவில்லை.

"மகாராசா மன்னிக்கணும். ஓலை இருக்குங்களா?"

"அடேய், நான் ராஜாவடா!"

"உங்களுக்கே விலக்கு இல்லைன்னு நீங்கதான் பறையடிக்கச் சொன்னீங்க."

"விதியை இப்போதே மாற்றுகிறேன்!"

"அதை நாட்டார்தான் மாத்தணும்னும் சொன்னீங்க. அவர் குலதெய்வம் கும்பிடப் போயிருக்காரு. வர மூணு நாளாகும்."

உச்சி வெயிலில் மணல் கொதித்தது. ராயர் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினார். மூங்கிலில் வந்த கஞ்சியை மறுபேச்சில்லாமல் குடித்தார். பூங்காவனம் தன் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து அவர் காலடியில் போட்டாள். அவர் அதன்மேல் நின்றுகொண்டு, கரையில் வயிற்றைப் பிடித்தபடி நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"அது யார்?"

"என் மக சாமி. நாளைக்கோ மறுநாளோ."

ராயர் செவ்வந்தியப்பன் பக்கம் திரும்பினார். பிறகு தாழ்ந்த குரலில், "செவ்வந்தியப்பா, சொன்ன சொல்லை நானே முழுங்கினால் நாளைக்கு எவன் மதிப்பான்? வேறு வழி சொல்" என்றார்.

"விதி போடும் உரிமையைத்தானே கொடுத்தீர்கள்? புது நாடு பிரிக்கும் உரிமை யாரிடம்?"

"என்னிடம்தான்."

"இந்த மணல் வடகரையா, தென்கரையா?"

"இரண்டுமில்லை."

"அப்படியானால் இதற்கு ஒரு பெயர் வையுங்கள்."

ராயரின் மீசை துடித்தது. "இந்த இடம் இன்றுமுதல் மணல்நாடு!" என்று உரக்க அறிவித்தார்.

செவ்வந்தியப்பன் கயிற்றருகே போனான். "பிச்சாண்டி, உன் விதியோலையில் வடகரைக்காரர்களுக்கு என்ன போட்டிருக்கிறது?"

"பதினாலு நாள்."

"மணல்நாட்டுக்காரர்களுக்கு?"

பிச்சாண்டி ஓலையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் போடலையே."

"போடாத விதியை வைத்து எங்களை எப்படி நிறுத்துவாய்?"

பிச்சாண்டி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மலர்ந்தது. வேலைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைத் தானே அவிழ்த்தான். முதலில் ஓடியது பூங்காவனம். மறுநாள் விடியலில் பேத்தி அவள் கையில் இருந்தாள்.

இரண்டு நாட்டார்களையும் உட்கார வைத்து, ராயர் ஒரே விதி எழுத வைத்தார்: எங்கிருந்து வந்தாலும் ஒரே கணக்கு நாள், தங்குவதற்கு ஒரு கூரை, வேளைக்குச் சோறு.

பிறகு சபையில் செவ்வந்தியப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். "என்னை வெயிலில் நிறுத்தியதற்குத் தண்டனையும் உண்டு. அந்த மணல்நாட்டுக்கு உன்னையே நாட்டாராக்குகிறேன்!"

"வேண்டாம் அரசே" என்று கும்பிட்டான் செவ்வந்தியப்பன். "ஆடியில் வெள்ளம் வந்தால் என் நாடு கடலுக்குப் போய்விடும். போகிற வழியில் அதை எத்தனை ஊரில் பதினாலு நாள் நிறுத்தி வைப்பார்களோ!"

ராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்துவிட்டது.