குறுக்கு நார்

கிட்ட வந்து உட்காருங்க. இந்தக் கதையில் வருகிறவர்கள் சத்தமாகப் பேசவில்லை. தள்ளி இருந்தால் பாதி காதில் விழாது.

மலையடிவாரத்தில் லில்லிபாய் என்று ஒரு வர்ம ஆசான் இருந்தாள். வயது முப்பத்திநாலு. அவளுடைய சீடன் வேலப்பனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்தைந்து வருஷம் சலூன் வைத்திருந்தவன். முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சொடக்கு எடுப்பான். அந்தச் சொடக்குக்காகவே வழுக்கைத் தலைக்காரர்களும் வந்து வரிசையில் இருப்பார்கள். ஆனால் ஆசானிடம் சேர்ந்த மூன்று வருஷத்தில் அவள் அவனைக் கை பார்க்க விட்டாள், கால் பார்க்க விட்டாள். கழுத்தை மட்டும் தொட விடவில்லை.

ஒருநாள் காலையில் வேலப்பனின் தம்பி சுயம்பு பலாமரத்திலிருந்து விழுந்துவிட்டான். நாலு பேர் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்து ஆசான் முற்றத்தில் இறக்கினார்கள். கழுத்து ஒரு பக்கமாய்க் கோணி நின்றது.

ஆசான் குனிந்தாள். "விரல் எப்படி இருக்கு?"

"மரமரன்னு இருக்கு."

"அசையாதே." தலைக்கு இரண்டு பக்கமும் பழைய புடவைகளைச் சுருட்டி அண்டை கொடுத்தாள். தூக்கிவந்தவர்களில் ஒருவனை ஜீப் பிடித்துவர விரட்டினாள்.

"ஆசான், ஜீப் எதுக்கு? ஒரு சொடக்கு போதும், நேராயிரும்" என்றான் வேலப்பன்.

பலகையில் கிடந்தபடியே சுயம்பு முனகினான். "ஊரான் கழுத்தையெல்லாம் திருப்புற. எனக்குன்னா கை வலிக்குதோ, அண்ணே?"

வேலப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரம் கழுத்து எடுத்திருக்கேன். ஒண்ணும் கெட்டுப்போகல்ல. ஆசான், இவன் கூடப் பிறந்தவன். பார்த்துட்டு நிக்கவா?"

"சரி. முதல்ல எனக்கு எடுங்கண்ணே" என்றாள் ஆசான்.

பக்கத்தில் கிடந்த பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தலையை அவன் கையில் கொடுத்தாள்.

"மாவு திரிக்குற திருகைக்கல் பார்த்திருக்கியளா?"

"பார்த்திருக்கேன்."

"நடுவுல முளை. மேல்கல்லு அதைச் சுத்தித் திரும்பும். கழுத்துக்குள்ளயும் அதே கணக்குதான். கீழ் எலும்புல ஒரு முளை, மேல் எலும்பு ஒரு வளையம். முளை பின்னால சாயாம குறுக்கே ஒரு நார் கட்டியிருக்கு. நாருக்குப் பின்னால தண்டு. உசிரு ஓடுற தண்டு."

"நார் சரியா இருந்தா?"

"சொடக்கு கேக்கும். ஆள் எழும்பிப் போவான்."

"அறுந்திருந்தா?"

"அப்பவும் சொடக்கு கேக்கும்."

வேலப்பன் பலகையில் கிடந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தான்.

"நேத்து நானும் படியில வழுக்கி விழுந்தேன். உள்ள எப்படி இருக்கோ, தெரியல்ல. திருப்புங்க." கண்ணை மூடிக்கொண்டாள்.

தலையின் பாரம் முழுதும் அவன் உள்ளங்கையில் இறங்கியது. விரல்கள் பிடரியைத் துழாவின. தோல் தெரிந்தது, சதை தெரிந்தது. அதற்கு அடியில் இருப்பது தெரியவில்லை. ஆயிரம் கழுத்தைத் திருப்பிய கை, மூச்சு விட்டால் ஆடிவிடுமோ என்று நின்றது. வளைவில் ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஆவாது, ஆசான்."

"கை எப்படி இருக்கு?"

"அசைக்கவே பயமா இருக்கு."

"அந்தக் கைதான் தம்பிக்கு வேணும். அப்படியே போய் அவன் தலையைப் பிடிங்க. ஆஸ்பத்திரியில கைமாறி வாங்குற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லி எழுந்துபோய், ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.