குடைக்கு இடம் விட்ட வளையல்காரி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நானும் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்யத்தில், ராஜாவுக்கு ஒரு நாள் ஓர் ஆசை வந்தது. ஆற்றின் அக்கரைக்கு அவர் எழுந்தருளும் முன்பே அவருடைய பட்டுக்குடை அங்கே போய்ச் சேர்ந்து, அவரை வரவேற்க வேண்டுமாம். மந்திரி அறிவானந்தர் உடனே ஓலை எழுதினார்: "ராஜகுடை நின்றுகொண்டு பயணம் செய்யலாகாது. அதற்கு ஆசனம் வேண்டும்."

மறுநாள் காலை குடை துறைக்கு வந்தது. படகில் நாற்பது இடம். நாற்பது பேர் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஓடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த திருமேனி, "யாராவது ஒருவர் இறங்கிக்கொள்ளுங்கள், இரண்டு இளநீர் தருகிறேன்" என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அவருடைய விரல் வளையல்காரி ஆவுடையின் பக்கம் நீண்டது.

"இன்னிக்கு அக்கரையில சந்தை. நான் ஏன் எறங்கணும்? குடையை மடக்கி யாராச்சும் மடியில வெச்சுக்கங்க" என்றாள் அவள்.

துறைக்காவல் தலைவன் வல்லபன் வந்தான். அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி, பலகைமேல் இழுத்து, கரையில் போட்டான். வளையல் பெட்டி உடைந்தது. அவள் முழங்கை பிசகியது. குடை சௌகரியமாக உட்கார்ந்து அக்கரை போயிற்று.

ஆவுடை கையைத் துணியில் கட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். "எனக்குப் பரிசு வேண்டாம், பணம் வேண்டாம். என்னை இழுத்தது யாருன்னு இந்தச் சபையில ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும். அது போதும்" என்றாள்.

வல்லபன் மீசையைத் தடவினான். "பிரபு, இழுத்தது என் கை. ஆனால் காவல்காரன் கை சொந்தமாக ஒன்றும் செய்யாது. குத்தகைக்காரர் சொன்னார், செய்தது."

"நான் இடம் வேண்டும் என்றுதான் சொன்னேன், பிரபு. இழுக்கச் சொன்னேனா? எனக்கு மந்திரியாரின் ஓலை" என்றார் திருமேனி.

"குடைக்கு ஆசனம் என்று எழுதினேன். யாருடைய ஆசனம் என்று ஓலையில் இருக்கிறதா?" என்ற மந்திரி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆக, குற்றவாளி இல்லாத புகார் பொய்ப்புகார். பொய்ப்புகார் சொன்னவரை நாடு கடத்துவது நம் சட்டம். ஆனாலும் விகடகவி காளத்தி மகா புத்திசாலி என்று தாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. தீர்ப்பை அவரே சொல்லட்டுமே."

காளத்தியை எங்காவது மாட்டிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தவர் அவர். ராஜாவுக்கும் யோசனை பிடித்துவிட்டது.

"காளத்தி! அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். ஆனால் என் ஆட்கள் யார் பெயரையும் நீ குற்றவாளி என்று சொல்லக்கூடாது. முடியாவிட்டால் அவளோடு நீயும் எல்லை தாண்டு!"

"சித்தம், பிரபு" என்றான் காளத்தி. "ஓலைக்காரரே, எழுதும். ஆவுடையைப் படகிலிருந்து யாரும் இறக்கவில்லை. இது சபையின் முடிவு."

மூவரும் முண்டியடித்துக்கொண்டு வந்து ஓலையில் முத்திரை வைத்தார்கள்.

"சீ! நீயும் இவங்க ஆளுதானா?" என்று கத்தினாள் ஆவுடை.

காளத்தி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "துறை ஓலைகளைக் கொண்டு வாருங்கள். இக்கரையில் ஏறியவர் எத்தனை?"

"நாற்பது பேர்."

"அக்கரையில் இறங்கியவர்?"

ஓலைக்காரர் இரண்டு தடவை படித்தார். "முப்பத்தொன்பது பேரும் ஒரு குடையும்."

"ஐயையோ!" என்று காளத்தி தலையில் கை வைத்தான். "ஏறினாள், தானாக இறங்க மறுத்தாள், யாரும் இறக்கவில்லை, அக்கரையிலும் இறங்கவில்லை. பிரபு, வளையல்காரி நடு ஆற்றில் விழுந்துவிட்டாள்!"

"இதோ நிற்கிறாளே!" என்றார் மந்திரி.

"இது யாரோ. ஆவுடையை யாரும் இறக்கவில்லை என்று மூன்று முத்திரை இருக்கிறது. பயணி ஆற்றில் போனால், படகுக்குப் பொறுப்பானவர்கள் ஆளைக் கண்டெடுக்கும்வரை மூழ்கித் தேட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போன வருஷம் எழுதியதும் மந்திரியார்தான். நான் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை, பிரபு. ஓலை கொடுத்தவர், குத்தகை எடுத்தவர், காவல் காத்தவர் மூவரையும் தேடச் சொல்கிறேன், அவ்வளவுதான்."

ராஜா யோசித்தார். சட்டம் சட்டம்தானே. சபை முழுதும் ஆற்றங்கரைக்குப் போயிற்று.

ஐப்பசி வெள்ளம். மூவரும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். மந்திரியின் தலைப்பாகை தனியாகக் கிழக்கே கிளம்பியது. திருமேனி ஒவ்வொரு முறை எழும்போதும் வாயிலிருந்து பாசியைத் துப்பினார். வல்லபனின் மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

ஆவுடைக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. படிக்கட்டில் சாவகாசமாக உட்கார்ந்து குரல் கொடுத்தாள்: "ஐயாமாரே, அந்தப் பள்ளத்துல பாருங்க! நான் கொஞ்சம் கனமான பொம்பள. ஆழத்துலதான் கெடப்பேன்!"

நாலாவது முழுக்கில் வல்லபன் உடைந்தான். "இங்கே அவள் இல்லை! நான்தானே இழுத்துக் கரையில் போட்டேன்!"

"ஏன் இழுத்தாய்?" என்றான் காளத்தி.

"இவர்தான் தூக்கிப் போடச் சொன்னார்!"

"ஆமாம், சொன்னேன்!" என்று அலறினார் திருமேனி. "எவளையாவது தூக்கிவிட்டுக் குடையை வை என்று மந்திரியார் ஆள் அனுப்பினார்!"

"அனுப்பினேன், அனுப்பினேன்! முதலில் கயிற்றை இழுங்களடா!" என்றார் மந்திரி.

காளத்தி ராஜாவைப் பார்த்துக் கைகட்டி நின்றான். "பிரபு, மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். ஆற்றில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அந்தக் குடை யாருடையது?"

ராஜாவின் முகம் சிவந்தது. தண்ணீரைப் பார்த்தார், தம் பட்டு வேட்டியைப் பார்த்தார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"குடை என்னுடையதுதான், அம்மா. உன்னை இழுத்தது நாங்கள் நாலு பேரும். போதுமா?"

"ஓலையில எழுதச் சொல்லுங்க" என்றாள் ஆவுடை.

எழுதினார்கள். ராஜாவின் முத்திரை முதலில் விழுந்தது. அந்தப் பட்டுக்குடையையே அவர் காளத்திக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அடுத்த சந்தை நாளில் ஓர் இடம் தவிரப் படகு நிரம்பியிருந்தது. ஆவுடை வருவதைப் பார்த்த வல்லபன் ஓடி வந்து, ஏற்றிவிடக் கை நீட்டினான்.

"கைய எடு. எனக்கு ஏறத் தெரியும்" என்று சொல்லி ஏறிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில், உட்கார இடமில்லாமல், காளத்தியும் அவன் குடையும் அக்கரை வரைக்கும் நின்றுகொண்டே போனார்கள்.