பொன் அண்டாவில் நட்ட மரியாதை

முன்னொரு காலத்தில் பொன்னளந்தூர் என்ற நாட்டை மணிமுடி வழுதி என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாட்டை ஆண்டவர் அமைச்சர் மலைக்கொழுந்து. ராஜாவோ எதைக் கண்டாலும் தங்கமுலாம் பூசச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பூசிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே? அவர்தான் அலங்கார அதிகாரி சிங்காரநாதர். அமைச்சரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ராஜா மலைநாட்டுப் பெண் தேனருவியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளோடு பிறந்த வீட்டுப் பூச்செடி ஒன்றும் வந்தது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றிலே வேர் விடுமே, இப்போது ஆர்க்கிட் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தச் சாதி. வருஷம் திரும்பும்போது அண்ணன்மார் வந்து செடியைப் பார்ப்பது மலைநாட்டு வழக்கம். செத்திருந்தால், "செடி பிழைக்காத வீட்டில் எங்கள் பெண்ணும் பிழைக்கமாட்டாள்" என்று தங்கையைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள்.

செடி வந்த மூங்கில் கூடை சில மாதத்தில் இற்றுப்போனது. மாற்றி நடவேண்டும்.

"மகாராணியின் செடி கூடையிலா? வெட்கக்கேடு!" என்று குதித்தார் சிங்காரநாதர். ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல ஒரு பொன் அண்டா வார்த்தார். அடியில் ஓட்டை? பொன்னில் ஓட்டை போட்டால் அபசகுனமாம். உள்ளே குளத்து வண்டலும் சாணமும் கொட்டி, கையகலச் செடியைக் கழுத்துவரை அமுக்கினார். தண்ணீருக்குப் பதில் தேன் கலந்த பால்.

"அதுக்கு மண்ணே ஆகாதுங்க. வேருக்குக் காத்து வேணும்," என்றாள் தேனருவி.

ராஜா சிரித்தான். "உங்கள் மலையில் பொன் இல்லை, அதனால் கூடையில் வைத்தீர்கள். இல்லாதவன் செய்ததெல்லாம் வழக்கமாகிவிடுமா?"

சபையும் சிரித்தது. ராஜா சிரித்தால் சிரிப்பதற்குத்தானே அங்கே சோறு!

இலை மஞ்சளடித்தது. "அண்டா சிறிது, பாலும் போதாது," என்றார் சிங்காரநாதர். பாலைக் கூட்டினார்கள். செடி இன்னும் துவண்டது. "மகாராஜா, கொடுத்ததை அனுபவிக்கத் தெரியவில்லை. மலைப்புத்தி!" என்றார். வருஷம் திரும்பப் போகிறது. ராஜாவுக்குப் பயம் பிடித்தது. மடையனானாலும் மனைவி மேல் உயிரையே வைத்திருந்தான்.

அமைச்சரைக் கூப்பிட்டான். செடியைப் பார்த்த மலைக்கொழுந்து சபை நடுவே கைகூப்பினார். "அரசே, குற்றம் செடியுடையதுதான். இப்பேர்ப்பட்ட மரியாதையை வாங்கிக்கொள்ள அதற்குத் தகுதியில்லை. தகுதியுள்ள ஒருவருக்குக் கொடுத்துப் பார்ப்போமே? சிங்காரநாதரை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

சிங்காரநாதர் மார்பை நிமிர்த்தினார். "அமைச்சருக்கு இன்றுதான் அறிவு வந்திருக்கிறது!"

ஊரே பார்க்க அவரை அதே அண்டாவில், செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதே வண்டல், அதே சாணம், இடுப்புவரை இறுக்கிக் குத்தி, மேலே தேன்பால் ஊற்றினார்கள். பொழுது சாயும்வரை ஊற்றவேண்டும் என்பது அமைச்சரின் ஏற்பாடு. சிங்காரநாதர் முதலில் புன்னகை செய்து கையசைத்தார். வெயில் ஏறியது. ஈ வந்தது, எறும்பு வந்தது. பால் புளித்து நாறியது.

"அமைச்சரே, கால் வெந்து போகுது! தூக்கிவிடும்!"

"பொன் அண்டா ஐயா! இன்னும் கொஞ்சம் பால்?"

"பொன்னைக் கொண்டுபோய் உடைப்பிலே போடும்! காலுக்குக் காத்து வேணும்யா, காத்து!"

மலைக்கொழுந்து ராஜா பக்கம் திரும்பினார். "அரசே, மகாராணி சொன்னதும் இதே வார்த்தைதான். அன்று சபை சிரித்தது. இன்று ஏன் யாரும் சிரிக்கவில்லை?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். சிங்காரநாதரைத் தூக்கியபோது அவர் கால் ஊறிச் சுருங்கி, பார்க்கச் சகிக்கவில்லை.

செடியையும் தூக்கினார்கள். அழுகிய வேரைத் தேனருவியே நறுக்கிக் கரித்தூள் தடவினாள். வேர் அடங்கும் அளவில், கைக்கு அடக்கமான மூங்கில் கூடை ஒன்று பின்னச் சொன்னாள். அதில் அடுப்புக்கரித் துண்டு, ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு. ஒரு பிடி மண் கிடையாது. மரநிழலில் தொங்கவிட்டு, வெட்டுக் காயம் ஆறிய பிறகே தண்ணீர் தெளித்தாள்.

அண்ணன்மார் வந்தபோது செடியில் பூ இல்லை. பெரியவன் பூவைத் தேடவும் இல்லை. கூடையின் சந்தில் எட்டிப்பார்த்த பச்சை வேர்நுனியைத் தொட்டுப் பார்த்தான். "பிழைச்சுக்கிச்சு," என்றான்.

ராஜா பெருமூச்சு விட்டான். அமைச்சருக்கு முத்துமாலை போட்டான். சிங்காரநாதருக்கு அந்த அண்டாவையே கொடுத்து, தோட்டத்துக்கு எரு சுமக்கச் சொன்னான்.

"சரி, எங்க தங்கச்சி எங்கே?" என்றான் பெரியவன்.

"அந்தப்புரத்தில். அவளுக்கென்ன? சுவரெல்லாம் பொன் தகடு!"

"சன்னல் இருக்குதா மாப்பிள்ளை?"

சன்னலையும் சேர்த்துத்தான் ராஜா தகடு அடிக்கச் சொல்லியிருந்தான். மலைக்கொழுந்து ஒரு கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

மணிமுடி வழுதி கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கையாலேயே தகட்டைப் பெயர்த்தான். அவன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. உள்ளே நின்ற தேனருவி முகத்தில் காற்று பட்டது.

"இன்னொரு சன்னலும் இருக்குதுங்க," என்றாள் அவள்.