முகத்துக்கு விட்ட இடம்

கொற்றங்குடியில் தேரோட்டத்துக்கு முந்தின பத்து நாளும் தெற்கு வீதியில் வண்டி ஓடாது. அந்தப் பத்து நாளும் வீதி, தரையில் படம் போடுகிறவர்களுக்குச் சொந்தம். எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஆளுக்கு ஒரு சாக்கு. அதற்குள் கரித்துண்டு, செங்கல் தூள், மஞ்சள், கலர் சாக்பீஸ், துணிக்குப் போடும் நீலம். விடியும்போது வெறும் தார் ரோடாகக் கிடப்பது உச்சிப்பொழுதுக்குள் ஒரு பக்கம் கைலாசமாகவும் ஒரு பக்கம் பெத்லகேமாகவும் ஆகிவிடும்.

அவர்களுக்குள் இரண்டு சட்டம் உண்டு. முகத்தைக் கடைசியில்தான் வரைய வேண்டும். முகம் தெரிந்துவிட்டால் பார்க்கிறவர்கள் நடையைக் கட்டிவிடுவார்கள். இன்னொன்று, தான் போட்ட படத்தில் தான் கால் வைக்கக்கூடாது. வைத்தவர் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். அப்புறம் அந்த வீதிக்கு வர முடியாது.

மாசிலாமணி முப்பது வருஷம் ஏணியில் நின்று கடைகளுக்குப் போர்டு எழுதியவர். முழங்கால் ஏணி ஏற மறுத்ததும் தரைக்கு இறங்கிவிட்டார். அவருக்குக் குரு அஞ்சுகம். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவர் அவளை “அம்மா” என்பார். அவள் அவரை “அண்ணே” என்பாள்.

இரண்டு வருஷம் அவளுடைய படங்களுக்கு ஓரக்கொடி போட்டவருக்கு அன்றுதான் முதல் தனிப்படம். நன்றாக வந்தால் வீதியில் அவருக்கென்று ஓர் இடம் கிடைக்கும். அதை முடிவு செய்கிறவர் உபகாரம். நாற்பது வருஷமாக அங்கே மாதாவை வரைகிறவர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

மாசிலாமணி காளிங்க நர்த்தனம் போட நினைத்தார். விடிகாலையில் சாக்பீஸ் தூள் தடவிய கயிற்றால் கோடு அடித்தார். அஞ்சுகம் வந்து பார்த்தாள்.

“பெருசா இருக்கே அண்ணே.”

“இருபதடிக்கு இருபதடிம்மா. கிடைச்சது ஒரு தடவை. கஞ்சத்தனம் எதுக்கு?”

அவள் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலு ஓரத்திலிருந்தும் உள்ளே உள்ளே வந்தார் மாசிலாமணி. ஆற்றைப் போட்டார். தாமரை போட்டார். கரையில் கன்றுகள், வாயைப் பிளந்த இடைப்பிள்ளைகள். படத்தின் அடியில் பாம்பின் ஐந்து தலைகள். அங்கிருந்து அதன் உடம்பு ஒரு முழ அகலத்துக்கு ஓரமாக வளைந்து மேலே ஏறி, நடுவுக்கு இறங்கி, கண்ணன் தூக்கிப் பிடித்த கையில் வாலாக முடிந்தது. கண்ணனுக்கு நீலம் போட்டார். பீதாம்பரம், மணி, மாலை. கழுத்துவரை வந்தாயிற்று. முகத்துக்கு மட்டும் இடம் விட்டு, அதில் சாக்கை மடித்துப் போட்டு நின்றார்.

தாகமெடுத்தது. செம்பு ரோட்டோரம் இருந்தது. ஒரு காலைத் தூக்கினார்.

வைக்க இடமில்லை.

தூக்கிய காலோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் படம். ஏணியிலிருந்து இறங்கினால் படத்துக்கு வெளியே வந்துவிடலாம் என்று முப்பது வருஷம் பழகிய உடம்பு, வெளியே வர வழி விட வேண்டும் என்பதை மறந்தே போயிருந்தது.

பூக்காரிதான் முதலில் கவனித்தாள்.

“ஏ, அங்க பாருங்க! மனுசன் படத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு!”

கூட்டம் கூடிவிட்டது.

“தாண்டுமய்யா!”

“பத்தடி தாண்டுறதுக்கு அவரென்ன அனுமாரா?”

“பலகை போடுங்கப்பா!”

“பலகையை எதுமேல வைப்ப? கண்ணன் வயித்து மேலயா?”

“மழை வரட்டும். நீந்தி வந்துரலாம்.”

சித்திரை வெயிலில் எங்கே மழை. சாக்கு சிறிசு. குதிகால் ஒன்று வெளியே போய்க் கொதிக்கும் தாரில் பட்டது. மாசிலாமணி ஒரு துள்ளுத் துள்ளினார். கோயிலுக்குப் போக நேரம் பார்த்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தவில்காரர் அதற்குச் சரியாக ஒரு தட்டுத் தட்டினார். வீதியே சிரித்தது. மாசிலாமணிக்கு மட்டும் கண் கலங்கியது.

உபகாரம் வந்து ஓரத்தில் நின்றார்.

“என்ன வே, குடியே போயிட்டீரா?”

“சட்டம் தெரியும் அண்ணாச்சி. சாயங்காலம்வரை இப்படியே நிப்பேன்.”

“அப்புறம்?”

மாசிலாமணி கூட்டத்தில் அஞ்சுகத்தைத் தேடினார். அவள் கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளை ஊதிக்கொண்டே வந்தாள்.

“அம்மா, எப்படி வெளிய வர்றது?”

“முகம் போட்டாச்சா அண்ணே?”

“முகம் போடுற இடத்துலதாம்மா நிக்கேன்.”

“அப்போ அவன் நிக்கிற இடத்துல நீங்க நில்லுங்க.”

“யாரு?”

“உங்க கண்ணன். எதுமேல நிக்கிறான்?”

மாசிலாமணி கீழே பார்த்தார். கையெட்டும் தூரத்தில் பாம்பின் வால். அங்கிருந்து அவர் கண் மெல்ல மெல்ல அதன் உடம்போடு போயிற்று. வளைந்தது, ஏறியது, ஓரத்தைத் தொட்டது. அந்த இடத்திலிருந்து ரோட்டுக்கு ஒரே ஒரு அடி.

அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

சாக்கை எடுத்து வாலின்மேல் போட்டு, அதில் குந்தினார். இத்தனை நேரம் தான் நின்ற வட்டத்தில் முகம் வரையத் தொடங்கினார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. புருவம் வந்தது, மூக்கு வந்தது. கடைசியில் வாய் வந்தபோது பூக்காரி, “அடியாத்தீ, வாலு! என்ன சிரிப்பு சிரிக்கான்!” என்றாள்.

மாசிலாமணி சாக்கை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாம்பின்மேல் வெறுங்காலை வைத்தார். தார் சுட்டது. துள்ளினார். தவில் தட்டியது. அடுத்த காலை வைத்தார். அதுவும் சுட்டது. அதுவும் துள்ளல். தவில்காரருக்குப் பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரருக்கும் பொறுக்கவில்லை, எடுத்து ஊதிவிட்டார். வழுக்கினால் ஆற்றில் விழ வேண்டியதுதான் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால், வளைவில் இடுப்பை ஒடித்து, கக்கத்துச் சாக்கு ஆட, ஐம்பத்து நாலு வயது மனிதர் காளிங்கன் முதுகில் ஆடிக்கொண்டே வந்தார். கைதட்டலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துபோயின. ரோட்டில் குதித்ததும் தண்ணீரைக் குடிக்கவில்லை, செம்போடு காலில் ஊற்றிக்கொண்டார்.

உபகாரம் சிரிக்கவில்லை. குனிந்து பாம்பைப் பார்த்தார். செதில் செதிலாகப் போட்ட பச்சையில் வாலிலிருந்து ஓரம்வரை கால்தடங்கள். ஓரிடத்தில் குதிகால் நன்றாகவே இழுபட்டிருந்தது.

தவில் நின்றது.

“கால் பட்டிருக்கே வே.”

“இல்லேன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி,” என்றார் மாசிலாமணி. மூச்சு இன்னும் வாங்கியது. “பாம்பை மட்டும் சரிபண்ணிட்டுக் கிளம்பிடுறேன். மத்தவங்க பார்க்கும்போது அசிங்கமா இருக்கக் கூடாது.”

பச்சை சாக்பீஸை எடுத்துக் குனிந்தார். அஞ்சுகம் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அஞ்சுகம்,” என்றார் உபகாரம், “உன் சிஷ்யன்னு பார்க்க முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். படம் போட்டவன் காலு படத்துல பட்டிருக்கு.”

“எங்க அண்ணாச்சி?” என்றாள் அவள். “ஆடுனவன் காலுல்லா பட்டிருக்கு.”

உபகாரம் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு தன் மாதாவுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கையும் கரித்துண்டுகளையும் இரண்டு கையாலும் அள்ளி, இருபது அடி தள்ளிப் போட்டு மாசிலாமணிக்கு இடம் விட்டார்.