முன்னாடி போகத் தெரியாத காரு

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துதாம். அதுக்கு முன்னாடி போகவே தெரியாதாம். பின்னாடி மட்டும்தான் போகுமாம். சிரிக்காத, நெஜமாத்தான். தலகாணிய சரியா வச்சுக்கோ. அப்பப்போ "ம்" சொல்லணும், இல்லேன்னா காரு அங்கயே நின்னுடும்.

ம். ஆங், அப்படித்தான்.

அந்தக் காரு மாசிலாமணின்னு ஒருத்தரோடது. அவங்க தாத்தா காலத்துக் காரு. அதைச் செஞ்ச கம்பெனியே இழுத்து மூடிட்டுப் போயாச்சு. கியர் பெட்டிக்குள்ள என்னமோ மாட்டிக்கிட்டு, எந்தக் கியரப் போட்டாலும் கர்ர்ர்ருனு ஒரு சத்தம், அப்புறம் விர்ருனு பின்னாடி ஓடும். அதுக்காக மனுஷன் வண்டிய விட்டாரா? கழுத்தத் திருப்பிக்கிட்டே சந்தைக்குப் போவாரு, கல்யாணத்துக்குப் போவாரு. திருப்பித் திருப்பி ஒருநாள் கழுத்து அப்படியே நின்னு போச்சு. அப்புறம் சட்டைப் பொத்தானையும் முதுகுப் பக்கமா போட ஆரம்பிச்சுட்டாரு. அவரு வர்றாரா போறாரான்னு ஊருக்கே குழப்பம்.

அவருக்கு ஒரே பொண்ணு, வடிவு. அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே அம்மா தவறிட்டா. மாசிலாமணிதான் சோறூட்டி, தலை பின்னிவிட்டு, காய்ச்சல்னா மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருந்து வளத்தாரு. அவளக் கட்டிக்குடுத்தப்போ, சந்தோஷம் தாங்காம பந்தல்ல எழுந்து நின்னு, "மொதப் பிரசவத்துக்கு என் பொண்ண என் சொந்தக் காருலதான் கூட்டிட்டுப் போவேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

அப்புறம் வடிவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு போட்டாங்க. கை நெறைய வளையல், ஜல் ஜல்லுனு. அப்போ மாசிலாமணி காரு பின்னாடியே வந்து வாசல்ல நின்னுது. வடிவோட மாமியார் கோமதியம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க.

"என்ன சம்பந்தி, காரு பின்னாடியே வருது?"

"அது அப்படித்தாங்க வரும்."

"புள்ளத்தாச்சிய யாராச்சும் பின்பக்கமா கூட்டிட்டுப் போவாங்களா? புள்ள மொகம் திரும்பிப் பொறக்கும். முன்னாடி போற காரோட வாங்க, அனுப்புறேன்."

"அப்போ பஸ்ல கூட்டிட்டுப் போறேங்க..."

"பந்தல்ல சொன்னது பஸ்ஸா, காரா? அது தாயில்லாத வீடு. அதைத் தாய் வீடுன்னு நான் ஒத்துக்கிட்டதே பெரிசு."

இப்படிச் சொல்லலாமா? எனக்கே அந்தம்மா மேல பத்திக்கிட்டு வருது. மாசிலாமணி அப்படி என்ன பெரிசா கேட்டுட்டாரு? பொண்ணு தன் வீட்டுல பெத்துக்கணும், பேரப்புள்ள தன் மடியில மொத அழுகை அழணும். அவ்ளோதான் அவரோட ஆசை.

நேரா மெக்கானிக் சேவியர்கிட்ட போனாரு. நேரா எங்க, பின்னாடியேதான் போனாரு. சேவியர் காருக்கு அடியில படுத்து டொக் டொக்குனு தட்டிப் பாத்தாரு.

"அண்ணாச்சி, கியர் பெட்டியத் தொறக்கணும். என்கிட்ட இருக்கற ஸ்பேனர் எதுவும் இதுக்குச் சேராது. இந்தக் காருக்குன்னே கம்பெனிக்காரன் மூணு சாமான் செஞ்சான். நட்டைக் கழட்ட நாலு கொம்புச் சாவி. உள்ள இருக்கற வளையத்த விரிக்க மூக்கு நீண்ட பிளேயர். பல்லுச்சக்கரத்தப் புடுங்க மூணு காலு புல்லர்."

"எங்கப்பா கெடைக்கும்?"

"கம்பெனிய மூடுனப்போ ஏலத்துல போச்சு. எடுத்துட்டுப் போனவங்களுக்கு அது எதுக்குன்னே தெரியாது. எதையாச்சும் எதுக்காச்சும் வச்சிருப்பாங்க. தேடுங்க."

தூங்கிட்டியா? ம் சொல்லு. சரி.

அப்போ மாசிலாமணி கெளம்புனாரு. மொத ஊருல, நடுத்தெருவுல ஒரு கம்பம். கம்பத்து உச்சியில நாலு கொம்புச் சாவி. அது மேல ஒரு சேவல், கொம்புக்கொரு வெரல வச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கு.

"ஐயா, அந்தச் சாவியக் குடுங்க, கொண்டுவந்து தர்றேன்"னு கீழ நின்ன பெரியவருகிட்ட கேட்டாரு.

"ஐயையோ! அது மேல உக்காந்தாத்தான் எங்க சேவல் கூவும். அது கூவினாத்தான் நாங்க எந்திரிப்போம். நீ கொண்டுபோயிட்டா ஊரே தூங்கிட்டே கெடக்கும்."

மாசிலாமணி யோசிச்சாரு. கார் ஹார்னக் கழட்டிக் குடுத்துட்டாரு. பாஆஆம்! சேவல் அப்படியே தொபுக்கடீர்னு கீழ விழுந்துது. ஊரு ஜனத்துக்கு ஒரே சந்தோஷம். சாவி கெடச்சாச்சு. ஆனா அன்னையிலேருந்து வழியில யாராச்சும் வந்தா, "பாம் பாம்"னு மாசிலாமணியே வாயால கத்தணும்.

அடுத்த ஊருல ஒரு முறுக்குக்கடை. பேச்சித்தாய்னு ஒரு அம்மா, அடுப்பு முன்னாடி உக்காந்துக்கிட்டு, மூக்கு நீண்ட பிளேயரால எண்ணெயிலேருந்து முறுக்க எடுத்துக்கிட்டு இருந்தாங்க. உள்ள விட்டு விரிச்சா முறுக்கு அப்படியே மாட்டிக்கிட்டு மேல வரும். சர்ர்ர், டொப். சர்ர்ர், டொப்.

"அம்மா, அந்தப் பிளேயரு..."

"இதைக் குடுத்துட்டு நான் வெரலாலயா எடுக்கறது?"

அப்போ மாசிலாமணி காரோட வைப்பர் ரெண்டையும் புடுங்கி, ரப்பர உருவிட்டு, தேச்சுக் கழுவிக் குடுத்தாரு. பேச்சித்தாய் ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு ஒரே வீச்சுல ரெண்டு முறுக்க எடுத்தாங்க. "இது நல்லால்ல இருக்கு!"ன்னு பிளேயரத் தூக்கிக் குடுத்துட்டு, ஒரு பொட்டலம் முறுக்கும் குடுத்தாங்க. அவரு அப்புறம் மழையில ஓட்டும்போது கண்ணாடிய வேட்டியாலதான் தொடச்சாரு.

மூணாவது ஊருல என்ன தெரியுமா? புல்லர் சாமியாயிடுச்சு! ஆமா. மூணு காலோட நிக்கறதப் பாத்துட்டு, முக்காலன்சாமின்னு பேரு வச்சு, சந்தனம் பூசி, பொட்டு வச்சு, மாலை போட்டு வேப்பமரத்தடியில நிறுத்தியிருக்காங்க. மாசிலாமணி செருப்பக் கழட்டிட்டு பூசாரிகிட்ட போனாரு.

"சாமிய ரெண்டு நாளைக்குக் குடுக்கணும். ஒரு பல்லுச்சக்கரத்தப் புடுங்கணும்."

"சாமிகிட்டயே கேளு."

பூக்கட்டிப் பாத்தாங்க. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா போலாம், செவப்பு வந்தா கூடாது. சின்னப்புள்ள ஒண்ணு வந்து எடுத்துது. பிரிச்சா, வெள்ளை!

"சாமிக்குப் போக இஷ்டம்தான். ஆனா இத்தன வருஷமா வெயில்ல நிக்குது. திரும்பி வரும்போது கூரை இருக்கணும்"னாரு பூசாரி.

கார்க் கூரைய அறுத்துக் குடுத்துட்டாரு மனுஷன். சாமிய மடியில வச்சுக்கிட்டு, வானத்தப் பாத்துக்கிட்டு, வாயால "பாம் பாம்"னு கத்திக்கிட்டு, பின்னாடியே வந்து சேந்தாரு.

அப்புறம் சேவியர் சாமியக் கும்புட்டுட்டு வேலைய ஆரம்பிச்சாரு. நாலு கொம்புச் சாவியப் போட்டுக் கிறீச். பிளேயர விட்டுப் பளக். புல்லர மாட்டி முறுக்கு முறுக்குனு முறுக்கி, டமார்! எல்லாத்தையும் தொடச்சுத் திரும்ப மாட்டினாரு. பாத்தா, தரையில ஒரு பல்லுச்சக்கரம் மீதி.

"இது என்னப்பா?"

"பழைய காருன்னா ஒண்ணு ரெண்டு மீதியாகத்தான் செய்யும், அண்ணாச்சி. ஓட்டிப் பாருங்க."

ஓட்டினாரு. காரு முன்னாடி போச்சு! ஆனா எப்படி? நத்தை ஒண்ணு ஓரமா வந்துது, காரப் பாத்துது, தாண்டிப் போயிடுச்சு. எத்தன கியரு மாத்தினாலும் அதே வேகம்தான். பின்னாடி போட்டா மட்டும் பழையபடி விர்ருனு பறக்குது.

போனாப் போகுதுனு, வாங்கின சாமானையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, சம்பந்தி வீட்டுக்குப் பின்னாடியே பறந்து போனாரு. வாசல்ல வண்டியத் திருப்பி நிறுத்தி, வடிவ ஏத்திக்கிட்டு, முன்னாடி எடுத்தாரு. கோமதியம்மா குனிஞ்சு சக்கரத்தப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "போகுது போகுது"ன்னுட்டு உள்ள போய் ஒல வச்சு, வடிச்சு, கொழம்பு கூட்டி, சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்து பாத்தா, காரு பக்கத்து வீட்டத் தாண்டல.

"அப்பா, பின்னாடி போட்டா மத்தியானத்துக்குள்ள போயிரலாம்"னா வடிவு.

"நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்!"ன்னு திண்ணையில உக்காந்து சத்தம் போட்டாங்க கோமதியம்மா.

சரின்னு முன்னாடியே போனாங்க. நாள் போச்சு, வாரம் போச்சு. கோமதியம்மாவே தூக்குச்சட்டியில சோறு எடுத்துக்கிட்டு நடந்து வந்து குடுத்துட்டுப் போவாங்க. மாசிலாமணி கழுத்துதான் பின்னாடி திரும்பியே இருக்கே, வழியெல்லாம் பொண்ணு மொகத்தப் பாத்துக்கிட்டே ஓட்டினாரு. எதுலயாச்சும் மோதினாலும் மெள்ளத்தான மோதும்? அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்.

மாசமும் போச்சு. ஒருநாள் காலையில, ரெண்டு ஊருக்கும் நடு ரோட்டுல, வடிவுக்கு வலி எடுத்துடுச்சு. சோத்தோட வந்த கோமதியம்மா சட்டியப் போட்டுட்டு, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு ஓடி வந்தாங்க. மருத்துவச்சியக் கூப்புட்டாங்க, சுத்தி சேலையக் கட்டி மறச்சாங்க. கொஞ்ச நேரத்துல, ங்ஙா... ங்ஙா! பொம்பளப் புள்ள. மொகம் இருக்கற எடத்துலதான் இருந்துது.

மாசிலாமணி புள்ளைய மடியில வாங்கினாரு. வாங்கிட்டு அழுதாரு.

"நடுத்தெருவுல பொறந்துடுச்சே. என் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்க முடியலையே, தாயீ."

கோமதியம்மாவும் வாயத் தொறந்தாங்க. "அதானே, தாய் வீட்டுல பொறக்கலையே, ஊருல கேட்டா நான் என்ன..."

அப்போ வடிவு படுத்த படிக்கே சொன்னா. "யாரு சொன்னா அத்தை? அம்மா போனதுலேருந்து எனக்கு எல்லாமே எங்கப்பாதான். அவரு எங்க உக்காந்திருக்காரோ, அதுதான் என் தாய் வீடு. என் புள்ள என் தாய் வீட்டுலதான் பொறந்திருக்கு."

கோமதியம்மா மாசிலாமணியப் பாத்தாங்க, புள்ளையப் பாத்தாங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டு, காருல ஏறி வடிவு தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

"வெயில் ஏறுது சம்பந்தி. புள்ளதான் பொறந்தாச்சே, இனி எந்தப் பக்கமா போனா என்ன? பின்னாடி போட்டு விடுங்க!"

விர்ர்ர்ருனு போய்ச் சேந்தாங்க. அவங்க எறங்கி உள்ள போயாச்சு, கதையும் எறங்கிப் போயாச்சு. "ம்" சத்தத்தையே காணோமே. தூங்கு, கண்ணு, தூங்கு.