அரசாங்க மிளகு

மணத்தீவு ராஜா, "இனி என் நாட்டில் அரண்மனை மட்டும்தான் மிளகு விற்கும்" என்று தண்டோரா போட்டுவிட்டார். அங்கே கடை வைத்திருந்த நம்மூர் வியாபாரிகள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். நம் ராஜா ஒரு தூதரை அனுப்பினார். தூதர் மூன்று நாள் ஓலை வாசித்தார். தீவு ராஜா மூன்று நாளும் கொட்டாவி விட்டார்.

"எங்கள் மிளகில் ஒரு குறை காட்டுங்கள், சட்டத்தை எடுத்துவிடுகிறேன்" என்றார்.

பின்னால் நின்ற தூதரின் சமையல்காரன் சடையன் கும்பிட்டான். "குறையா? இன்றைய விருந்துக்கு அந்த மிளகிலேயே ரசம் வைக்கிறேன், மகாராஜா. முதல் கிண்ணம் உங்களுக்கு."

ராஜா பதறினார். "வேண்டாமப்பா, அதில் பாதி பப்பாளி விதை!"

சபையே சிரித்தது. சட்டம் போனது.

ஊர் திரும்பியதும் தூதரின் சாமர்த்தியத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கு ரசம் வைத்தவன் சடையன்.